மருத்துவர் வருமுன்

அமெரிக்காவில் 1960களின் நடுப்பகுதி வரை ஆம்புலன்ஸ் சேவைகளில் ஏறக்குறையப் பாதியை நடத்திவந்தவர்கள் ஈமச்சடங்கு நிறுவனத்தார். ஆளை நீட்டிப் படுக்கவைக்கும் அளவுக்கு நீளமான வண்டி ஊரில் அவர்களிடம்தான் இருந்தது. வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை. காலையில் சவப்பெட்டியைச் சுமந்த வண்டியே மாலையில் கூரைமேல் ஒரு சிவப்பு விளக்கைப் பொருத்திக்கொண்டு விபத்து நடந்த இடத்துக்குப் போகும். ஓட்டுநர் முன்னால் இருப்பார்; நோயாளி பின்னால், பெரும்பாலும் தனியாகக் கிடப்பார். வழியில் மூச்சு நின்றால் ஓட்டுநருக்குத் தெரிய வாய்ப்பில்லை. தெரிந்தாலும் என்ன செய்வதென்று அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. வேகமாக ஓட்டுவது ஒன்றே அந்த வண்டியின் சிகிச்சை.

இன்று இ.எம்.டி. என்று அழைக்கப்படும் அவசரகால மருத்துவ உதவியாளரின் தொழில் இந்த வண்டியிலிருந்து பிரிந்து வளர்ந்தது. மாரடைப்பு, பக்கவாதம், வலிப்பு, தாழ்சர்க்கரை, மூச்சுத்திணறல், நஞ்சு, கடும் ஒவ்வாமை என அவர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய நோய்நிலைகளின் பட்டியல் ஒரே மூச்சில் எழுதப்பட்டதல்ல. மருத்துவர் அல்லாத ஒருவரை எதுவரை நம்பலாம் என்ற வழக்கு பல பத்தாண்டுகள் நடந்தது. அதில் கிடைத்த ஒவ்வொரு தீர்ப்பும் ஒரு பாடமாகச் சேர்ந்தது. அப்படிச் சேர்ந்தவற்றில் கணிசமானவை பிற்பாடு அடித்துத் திருத்தவும் பட்டன.

அடிபட்டவரை எடுத்துச்செல்வது போர்க்களத்தில் தோன்றிய வேலை. 1790களில் பிரெஞ்சுப் படையின் அறுவை மருத்துவர் டொமினிக் ஜான் லாரே, சண்டை ஓயும்வரை காத்திராமல் காயம்பட்டவர்களை அள்ளிவர இலகுவான குதிரைவண்டிகளை அமைத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862இல் ஜோனதன் லெட்டர்மேன் ஆம்புலன்ஸுக்கென்றே தனிப் படைப்பிரிவு உண்டாக்கினார். போர் முடிந்தபின் இந்த முறை நகரங்களுக்கு வந்தது: 1865இல் சின்சினாட்டியில், 1869இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில். பெல்வியூவின் குதிரைவண்டியில் இளம் மருத்துவர் ஒருவரும் ஏறிப்போனார் என்பதைக் கவனிக்க வேண்டும். நோயாளியோடு அறிவும் பயணம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அப்போதே இருந்தது. இரண்டாம் உலகப்போர் அந்த இளம் மருத்துவர்களைப் படைக்கு இழுத்துக்கொண்டது. வண்டிகள் காவலர்களிடமும் தீயணைப்பு வீரர்களிடமும் ஈமச்சடங்கு நிறுவனங்களிடமும் போய்ச் சேர்ந்தன. அங்கங்கே விதிவிலக்குகள் இருந்தன. வர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக் நகரில் ஜூலியன் ஸ்டான்லி வைஸ் 1928இல் தொடங்கிய தொண்டர் மீட்புக்குழு அவற்றில் பேர்போனது.

மருத்துவர் அல்லாதவர்க்கு அந்நாளில் கிடைத்த ஒரே கல்வி முதலுதவி வகுப்பு. இங்கிலாந்தில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் 1877இல் தொடங்கிய அந்த வகுப்புகள் சுரங்கங்களுக்கும் ரயில்வேக்கும் தொழிற்சாலைகளுக்கும் பரவின. கட்டுப்போடுவது, எலும்பு முறிந்த இடத்துக்குச் சிம்பு வைப்பது, இரத்தத்தை நிறுத்துவது ஆகியவை பாடங்கள். எல்லாம் காயத்தைப் பற்றியவை, ஏனென்றால் காயம் கண்ணுக்குத் தெரியும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்பவருக்கும் வாய் கோணிப் பேச்சு குழறுபவருக்கும் அந்த வகுப்பில் சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை. நோய் என்பது மருத்துவரின் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருந்த விஷயம். அந்தக் கதவை முதலில் திறந்தது நின்றுபோன மூச்சு.

நீரில் மூழ்கியவருக்கு மூச்சைத் திரும்பக் கொடுக்க 19ஆம் நூற்றாண்டு முழுவதும் கைகளைத் தூக்கியும் முதுகை அழுத்தியும் பார்த்தார்கள். 1858இன் சில்வெஸ்டர் முறையும் 1903இன் ஷேஃபர் முறையும் தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டன. ஷேஃபர் முறையில் மூழ்கியவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகின் கீழ்ப்பகுதியைத் தாளத்தோடு அழுத்த வேண்டும். பார்க்க ஒழுங்காக இருக்கும். நுரையீரலுக்குள் போகும் காற்றோ மிகக் குறைவு. 1950களில் ஜேம்ஸ் ஈலம், மனிதர் வெளிவிடும் மூச்சிலேயே இன்னொருவரைப் பிழைக்கவைக்கப் போதுமான ஆக்சிஜன் இருக்கிறது என்று காட்டினார். பால்டிமோரில் மயக்க மருந்து நிபுணர் பீட்டர் சஃபார் இதை இன்னும் கறாராகச் சோதித்தார். தன்னார்வலர்களுக்குத் தசைகளை முடக்கும் மருந்தைக் கொடுத்து மூச்சை நிறுத்தி, மருத்துவம் படிக்காதவர்களை வாயோடு வாய் வைத்து ஊதச் சொன்னார். தலையைப் பின்னுக்குச் சாய்த்தால் மூச்சுப்பாதை திறக்கும் என்பதும், யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம் என்பதும் உறுதியாயின. இன்று எந்த மருத்துவமனையின் நெறிக்குழுவும் அனுமதிக்காத அந்தச் சோதனையின் முடிவுகள் 1958இல் வெளியாயின.

இதயத்தின் கதை அதே பால்டிமோரில், ஆனால் வேறொரு வாசலில் தொடங்கியது. மின்கம்பி வேலையாட்கள் மின்சாரம் தாக்கி இறப்பதைத் தடுக்க வழி தேடிய மின் நிறுவனங்கள், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கௌவன்ஹோவனின் ஆய்வுக்குப் பணம் கொடுத்தன. அவர் மின்பொறியாளர், மருத்துவர் அல்ல. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்ச்சியால் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டரை நாய்கள்மேல் சோதித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய மாணவர் கை நிக்கர்பாக்கர் ஒன்றைக் கவனித்தார். கனமான மின்தகடுகளை நாயின் மார்பில் வைத்து அழுத்தியவுடன், மின்சாரம் பாயும் முன்னரே, இரத்த அழுத்தத்தைக் காட்டும் கோடு சற்று மேலே ஏறியது. கத்தி வைத்து மார்பைத் திறக்காமலே, வெளியிலிருந்து அழுத்தி இரத்தத்தை ஓடச் செய்யலாம் என்பது அந்தச் சிறு ஏற்றத்திலிருந்து புரிந்தது. அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட் இதை நோயாளிகளிடம் கொண்டுசென்றார். 1960இல் மூவரும் வெளியிட்ட கட்டுரையில் 20 நோயாளிகளின் விவரம் இருந்தது. அவர்களில் 14 பேர் பிழைத்திருந்தார்கள். இந்தச் சிகிச்சைக்கு இரண்டு கைகளுக்கு மேல் எதுவும் வேண்டாம் என்பதுதான் கட்டுரையின் வெடி. மார்பழுத்தமும் ஊதும் மூச்சும் சேர்ந்து சி.பி.ஆர். ஆயிற்று.

பழகிப்பார்க்க உடல் வேண்டுமே? நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரில் பொம்மைகள் செய்துவந்த ஆஸ்முண்ட் லேர்டால் அதற்கும் வழி செய்தார். 1960இல் அவர் செய்த பயிற்சிப் பொம்மையின் பெயர் ஆன். அதன் முகம், பாரிஸின் சென் நதியில் மூழ்கி இறந்தவள் என்று நம்பப்பட்ட அடையாளம் தெரியாத ஒரு பெண்ணின் முக அச்சிலிருந்து எடுக்கப்பட்டது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் குனிந்து மூச்சூதிய முகம் அது.

கைத்திறன் வந்துவிட்டது, அதைச் செய்ய ஆள் இல்லை. 1966இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட ஓர் அறிக்கை இந்த இடைவெளியை எண்களோடு அம்பலப்படுத்தியது. 1965 ஒரே ஆண்டில் விபத்துகளால் 1,07,000 பேர் இறந்திருந்தனர். கடுமையாக அடிபட்ட ஒருவர் நகரத் தெருவைவிடப் போர்க்களத்தில் கிடந்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்று வியட்நாமை மனத்தில் வைத்து அறிக்கை சொன்னது. ஆம்புலன்ஸ்களில் பாதியை ஈமச்சடங்கு நிறுவனங்கள் நடத்துவதும் அதில் பதிவாயிற்று. அதே ஆண்டு வந்த நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், ஆம்புலன்ஸ் ஊழியரின் பயிற்சி போக்குவரத்துத் துறையின் பொறுப்பானது. சுகாதாரத் துறைக்குப் போக வேண்டியது சாலைத் துறைக்குப் போனது விந்தைதான். அதன் தழும்பு பாடத்திட்டத்தில் நெடுநாள் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த முதல் தேசியப் பாடத்திட்டம் 81 மணி நேரம். அதில் முதலிடம் விபத்துக்கு. திடீர் நோய்களுக்குக் கிடைத்தது சில அத்தியாயங்களே. 1971இல் எலும்பு அறுவை மருத்துவர்களின் அமெரிக்கக் கழகம் ஒரு பாடநூலை வெளியிட்டது. அதன் அட்டை நிறத்தால் இன்றும் அதை ஆரஞ்சுப் புத்தகம் என்றே சொல்கிறார்கள். அதே ஆண்டு, இ.எம்.டி.களுக்கெனப் புதிதாகத் தோன்றிய தேசியப் பதிவகம் 51 மையங்களில் முதல் தேர்வை நடத்தியது. 1,520 பேர் எழுதினர்.

நோயைப் பாடத்துக்குள் கொண்டுவந்தவர்கள் வேறு இடங்களில் இருந்தார்கள். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் இதய மருத்துவர் ஃபிராங்க் பேன்ட்ரிட்ஜ், மாரடைப்பால் இறப்பவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனை வாசலை எட்டுவதற்குள்ளேயே, முதல் ஓரிரு மணி நேரத்தில், இறந்துவிடுவதைக் கண்டார். மருத்துவமனைக்குள் இதயச் சிகிச்சைப் பிரிவை எவ்வளவு மேம்படுத்தினாலும் அவர்களுக்குப் பயனில்லை. 1966 தொடக்கத்தில் அவர் கார் பேட்டரிகளில் இயங்கும் டிஃபிப்ரிலேட்டரை ஆம்புலன்ஸில் ஏற்றினார். அதன் எடை சுமார் 70 கிலோ. பெல்ஃபாஸ்ட் வண்டியில் மருத்துவரும் செவிலியரும் போனார்கள். அமெரிக்காவுக்கு அந்த யோசனை வந்தபோது, மருத்துவர்களை வண்டியில் அனுப்பினால் செலவு தாங்காது என்று கணக்குப் பார்த்து, மயாமியிலும் சியாட்டிலிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் தீயணைப்பு வீரர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். சிக்கனம் ஒரு தொழிலைப் பெற்றெடுத்தது.

இந்த வரலாற்றில் மிகத் துலக்கமான அத்தியாயம் பிட்ஸ்பர்க்கில் நடந்தது. அந்த நகரில் நோயாளிகளை அள்ளிச்சென்றது காவல்துறை. கைதிகளை ஏற்றும் வேனில் ஒரு ஸ்ட்ரெச்சர் கிடக்கும், அவ்வளவுதான். கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் பகுதிக்கு அந்த வேன் தாமதமாக வரும், சில சமயம் வராமலும் போகும். 1966 நவம்பரில் பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர் டேவிட் லாரன்ஸ் ஒரு கூட்டத்தில் பேசும்போதே சரிந்தார். அவரையும் அதே போலீஸ் வண்டியில்தான் கொண்டுபோனார்கள். இதயத் துடிப்பு மீண்டும் வந்தது, மூளை மீளவில்லை. அப்போது பிட்ஸ்பர்க்குக்கு வந்துவிட்டிருந்த பீட்டர் சஃபாருக்கு அவ்வாண்டு வீட்டிலும் இழப்பு நேர்ந்திருந்தது: அவருடைய மகள் ஆஸ்துமா தாக்கி இறந்திருந்தாள். சமூகநல அறக்கட்டளை ஒன்றை நடத்திய ஃபில் ஹாலன் அவரை அணுகியபோது அவர் கையில் ஏற்கெனவே ஒரு பாடத்திட்டம் இருந்தது.

ஃப்ரீடம் ஹவுஸ் என்ற பெயரில் 1967இல் உருவான அந்த ஆம்புலன்ஸ் சேவைக்கு ஹில் பகுதியின் வேலையற்ற கறுப்பின இளைஞர்களைத் தேர்ந்தார்கள். சிலர் பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள். சிலர் வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள். பயிற்சி சுமார் 300 மணி நேரம். நாட்டுக்குப் போதும் என்று பின்னர் முடிவான 81 மணி நேரத்தோடு இதை ஒப்பிட வேண்டும். உடற்கூறு, உடலியங்கியல், இதயத்தின் மின்வரைபடம் எல்லாம் கற்றார்கள். அறுவைக்கூடத்தில் மயக்க மருந்து நிபுணர்களோடு நின்று மூச்சுக்குழாய் செருகப் பழகினார்கள். சஃபாரின் கணக்கு எளிது. படிப்பு குறைந்தவருக்குக் குறைவாகக் கற்பிப்பதல்ல, எது முதலில் கொல்லுமோ அதை முதலில் கற்பிப்பது. மருத்துவக் கல்லூரி உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொடுக்கிறது. வண்டியில் போகிறவருக்கு மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம் என்ற வரிசை போதும், மீதியெல்லாம் அதற்குப் பின்னால் வந்து நிற்கும். மருத்துவப் படிப்பைச் சுருக்கி எழுதினால் இது கிடைக்காது. இது வேறு அடுக்கில் அமைந்த அறிவு.

1974இல் நான்சி கரோலைன் என்ற இளம் மருத்துவர் அந்தச் சேவையின் மருத்துவ இயக்குநரானார். அவர் அலுவலகத்தில் உட்கார்ந்து கையொப்பமிடவில்லை. வண்டியில் ஏறிப்போனார், வானொலியில் கேட்டார், ஒவ்வொரு அழைப்பின் பதிவையும் படித்துத் திருத்தினார். அந்தத் திருத்தங்களிலிருந்து ஒரு தேசியப் பாடத்திட்டமும், 1979இல் ஒரு பாடநூலும் பிறந்தன. துணை மருத்துவர்களின் அடிப்படை நூலாக அது இன்றும் மறுபதிப்புகள் கண்டுகொண்டிருக்கிறது. ஆனால் பாடம் எழுதக் காரணமாயிருந்த சேவை அதற்குமுன் முடிந்துவிட்டது. 1975இல் பிட்ஸ்பர்க் நகராட்சி சொந்தச் சேவையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸுக்குக் கொடுத்த பணத்தை நிறுத்தியது. அங்கிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டவர்களில் பலர், தங்களைவிட அனுபவம் குறைந்த வெள்ளையர்களுக்குக் கீழே வைக்கப்பட்டு, ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அவர்களின் பங்கு பல பத்தாண்டுகள் பாடநூல்களில் பேசப்படவே இல்லை.

நோய்களின் பட்டியல் 1970களிலிருந்து மெல்ல நீண்டது. ஒவ்வொன்றும் உள்ளே வந்த விதம் தனித்தனி. தாழ்சர்க்கரையை எடுத்துக்கொள்ளலாம். 1922இல் இன்சுலின் சிகிச்சைக்கு வருமுன் இது பெரிதாக இல்லாத அவசரம்; மருத்துவமே உண்டாக்கிய ஆபத்து என்று சொல்லலாம். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடத் தவறியவருக்கு வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும், நடை தள்ளாடும், தொட்டால் சண்டைக்கு வருவார். குடிபோதை என்று நினைத்துக் காவல் நிலையத்தில் படுக்கவைத்தால் விடியற்காலையில் பிணமாக இருக்கலாம். எனவே நினைவு மாறியவர் யாராயினும் சர்க்கரையைப் பார் என்பது விதியாயிற்று. விழுங்க முடிகிறவருக்குச் சர்க்கரைக் கூழைக் கன்னத்தின் உட்பக்கம் தடவினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, ஏன் எல்லோரும் சுற்றி நிற்கிறீர்கள் என்று கேட்பார். விழுங்க முடியாதவர் வாயில் எதையும் வைக்கக் கூடாது. வண்டியில் போகிறவர் கண்முன்னே முழுதாகக் குணமாகும் நோய்கள் வெகு சில. இது அவற்றில் ஒன்று.

பக்கவாதம் நேர்மாறானது. செய்ய ஒன்றுமில்லை என்பதால் 1990கள் வரை அதற்கு அவசரமும் இல்லை. மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு 1996இல் அமெரிக்கா அனுமதி தந்தது. நோய் தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்த அந்த மருந்து, பக்கவாதத்தை ஒரே இரவில் அவசர நோயாக்கியது. சின்சினாட்டி மருத்துவர்கள் ஒரு சுருக்கமான சோதனையை வகுத்தார்கள்: சிரிக்கச் சொல், இரு கைகளையும் நீட்டிப் பிடிக்கச் சொல், ஒரு வாக்கியத்தைத் திரும்பச் சொல்லச் சொல். வாயின் ஒரு பக்கம் தொங்கினாலோ ஒரு கை தாழ்ந்தாலோ சொற்கள் பிசகினாலோ சந்தேகப்பட வேண்டும். அதோடு இன்னொரு கேள்வியும் உண்டு, சோதனையைவிட முக்கியமானது: இவரைக் கடைசியாக நலமாகப் பார்த்தது எத்தனை மணிக்கு? மருந்து கொடுக்கலாமா கூடாதா என்று மருத்துவமனை முடிவெடுப்பது, வீட்டு வாசலில் கேட்டு வாங்கிய அந்த ஒரு நேரத்தை வைத்துத்தான்.

1994இல் வந்த பாடத்திட்டம் அணுகுமுறையையே திருப்பிப்போட்டது. அதுவரை ஊழியர் நோயின் பெயரைக் கண்டுபிடிக்க முயல வேண்டியிருந்தது. இனி நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நினைவு மாற்றம் என்ற குறைகளைக் கொண்டு செயல்பட்டால் போதும். பெயர் வைப்பது மருத்துவமனையின் வேலை. இது ஊழியரைத் தாழ்த்துவதாகச் சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் அதே பாடத்திட்டம்தான் அவர் கையில் மருந்துகளைக் கொடுத்தது. ஆக்சிஜன், சர்க்கரைக் கூழ், நஞ்சை உறிஞ்சும் கரி ஆகியவற்றை வண்டியில் வைத்துக்கொள்ளலாம். நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின், ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர், கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசி ஆகிய மூன்றும் நோயாளியிடம் ஏற்கெனவே இருந்தால் எடுத்துக்கொள்ள உதவலாம். அந்த ஊசி, நரம்பு வாயுவுக்கு முறிமருந்தாகப் படைவீரர் தொடையில் குத்திக்கொள்ளச் செய்த கருவியின் வழிவந்தது.

இதயம் நின்றவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் உரிமைதான் கடைசிவரை இழுபறியில் இருந்தது. சியாட்டிலை அடுத்த கிங் மாவட்டத்தில் 1970களின் இறுதியில் அடிப்படைப் பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் டிஃபிப்ரிலேட்டரைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிழைத்தவர் எண்ணிக்கை உயர்ந்ததை மிக்கி ஐசன்பர்க்கும் உடன் பணியாற்றியோரும் 1980இல் வெளியிட்டனர். துடிப்பைத் தானே படித்து முடிவெடுக்கும் கருவிகள் வந்தபின் வாதமே ஓய்ந்தது. இன்று விமான நிலையச் சுவரில் அது தொங்குகிறது, யாரும் எடுக்கலாம்.

சேர்த்த கதையைவிடக் கழித்த கதை சுவையானது, ஒருவேளை பயனும் அதிகம். இரத்தம் பீறிடும் கைகாலை இறுக்கிக் கட்டும் பட்டையைப் பழைய முதலுதவி நூல்கள் புகழ்ந்தன. பிறகு, கட்டினால் கால் அழுகிவிடும் என்று பயந்து, வேறு எதுவும் பயன்படாதபோது மட்டும் என்று ஒதுக்கின. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அமெரிக்க வீரர்கள் ஆளுக்கொரு பட்டையோடு போனார்கள். ஆயிரக்கணக்கான காயங்களைப் பார்த்த இராணுவ மருத்துவர்கள், சீக்கிரம் கட்டப்பட்டவர்கள் பிழைத்ததையும் பட்டையால் மட்டும் கால் இழந்தவர் அரிது என்பதையும் காட்டினார்கள். பட்டை பாடநூலின் முதல் பக்கத்துக்குத் திரும்பியது. பீறிடும் இரத்தம் மூச்சுப்பாதைக்கும் முன்னால் வைக்கப்பட்டது.

காற்றடைத்த கால்சட்டைக்கு அந்த மறுவாழ்வு கிட்டவில்லை. இரத்த அழுத்தம் விழுந்தவரின் கால்களிலும் வயிற்றிலும் அதை அணிவித்துக் காற்றூதினால் அழுத்தம் உயரும். வியட்நாமிலிருந்து வந்த அது 1970களில் ஆம்புலன்ஸின் கட்டாயச் சாதனப் பட்டியலில் ஏறியது. அழுத்தமானியில் எண் உயர்வதைக் கண்ணால் பார்த்தவர் யாரும் சந்தேகப்படவில்லை. ஹூஸ்டனில் கென்னத் மேட்டாக்ஸ் குழுவினர் நோயாளிகளை மாறி மாறிப் பிரித்து ஒப்பிட்டு 1989இல் முடிவைச் சொன்னார்கள்: அணிவித்தவர்களே அதிகம் இறந்தார்கள். எண் உயர்ந்தது உண்மை. உள்ளே கசியும் இரத்தமும் அதோடு கூடியிருக்க வேண்டும்.

முதுகெலும்பைக் காக்க ஒவ்வொரு விபத்து நோயாளியையும் கட்டைப் பலகையில் வரிந்து கட்டும் வழக்கம் அதைவிட நீண்ட நாள் நிலைத்தது. 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கோலாலம்பூரில் பலகையே இல்லாமல் வந்துசேர்ந்தவர்களையும் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் முறைப்படி கட்டிக் கொண்டுவரப்பட்டவர்களையும் ஒப்பிட்டது. நரம்புச் சேதம் மலேசியாவில் குறைவாக இருந்தது. ஆய்வில் ஓட்டைகள் உண்டு என்று எதிர்த்தார்கள். ஆனாலும் கேள்வி எழுந்துவிட்டது. 2013 வாக்கில் அமெரிக்க ஆம்புலன்ஸ் மருத்துவர்களின் சங்கமே பலகையைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தச் சொன்னது. நஞ்சு குடித்தவரை வாந்தியெடுக்க வைக்கும் இபிகாக் மருந்தை அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2003இல் கைவிட்டது. ஒவ்வொரு நெஞ்சுவலிக்காரருக்கும் முகமூடி போட்டு ஆக்சிஜன் கொடுத்ததும் தேவையற்றது என்று 2017இல் ஸ்வீடனில் 6,600க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு காட்டியது. இரத்தத்தில் ஆக்சிஜன் 90 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காதவருக்கு அதனால் பலனில்லை. வலிப்பு வந்தவர் வாயில் கரண்டி செருகுவதும் பாம்பு கடித்த இடத்தைக் கீறி உறிஞ்சுவதும் எப்போதோ நீக்கப்பட்டும் தெருவில் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

தொண்டையில் உணவு சிக்கியவருக்கு என்ன செய்வது என்பதில் ஓர் ஊசலாட்டமே நடந்தது. முதுகில் தட்டுவதே பழைய வழி. 1974இல் ஹென்றி ஹெய்ம்லிக் வயிற்றை உள்ளும் மேலுமாக அழுத்தும் முறையை வெளியிட்டார். தட்டினால் உணவு இன்னும் உள்ளே இறங்கும் என்று அடித்துப் பேசி, தட்டுவதைக் கொலையோடு ஒப்பிட்டார். 1980களின் நடுவில் அமெரிக்கா முழுதும் அவர் பக்கம் சாய்ந்தது. 2006இல் அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் ஐந்து தட்டு, ஐந்து அழுத்தம் என்று இரண்டையும் சேர்த்தது. இங்கே ஆய்வைவிட ஆளுமை அதிகம் வேலை செய்தது என்பது வெளிப்படை. சி.பி.ஆரும் மாறாமல் இல்லை. 15 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்றிருந்தது 2005இல் 30க்கு இரண்டானது. 2010இல் மூச்சுப்பாதைக்கு முன்னால் அழுத்தம் வந்து, சஃபார் கற்பித்த வரிசையே இதயம் நின்றவருக்குத் தலைகீழானது.

இத்தனை திருத்தங்களால் ஒருமுறை தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கியவர் ஆயுளுக்கும் அதை வைத்துக்கொள்ள முடியாது. அமெரிக்கத் தேசியப் பதிவில் உள்ளவர் இரண்டாண்டுக்கு ஒருமுறை, அடிப்படை நிலையில் 40 மணி நேரம், பழையதை மீளப்படித்துக் காட்ட வேண்டும். முதல் பயிற்சியும் 81 மணி நேரத்திலிருந்து 110ஆகி, பின்னர் 150ஐத் தாண்டியது.

இந்தியாவுக்கு இந்தப் பாடம் வந்தது தாமதமாக. 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் 108 சேவை தொடங்கியது. அதை நடத்திய இ.எம்.ஆர்.ஐ. நிறுவனம் பயிற்சிக்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்களோடு கைகோத்தது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டிலும் 108 ஓடத் தொடங்கியது. வண்டியில் இருவர்: ஓர் இ.எம்.டி., ஓர் ஓட்டுநர். ஓட்டுநரைப் பைலட் என்றே அழைப்பது இங்குள்ள வழக்கம். பின்னால் நோயாளியோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டு அறையிலுள்ள மருத்துவரைத் தொலைபேசியில் கேட்கிறார். இலங்கையில் 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் ‘1990 சுவசெரிய’ ஆம்புலன்ஸ் சேவை தொடங்கி, 2018இல் வட மாகாணத்துக்கும் வந்தது.

ஆரஞ்சுப் புத்தகத்தின் வரிசை இங்கே அப்படியே பொருந்தவில்லை. அமெரிக்க நூலில் பிரசவம் ஓர் ஓரத்து அத்தியாயம். 108க்கு வரும் அழைப்புகளில் கர்ப்பிணிகளுக்கானவை பெரும்பங்கு. மருத்துவமனையை எட்டுமுன் வண்டியை ஓரங்கட்டிப் பிரசவம் பார்ப்பது இங்குள்ள உதவியாளருக்கு எப்போதோ நடக்கும் அதிசயமல்ல. தொப்புள்கொடியைக் கவ்வியிட்டு வெட்டுவது, குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்போடு சேர்த்து வைப்பது, நஞ்சுக்கொடி விழுந்தபின் இரத்தப்போக்கைக் கவனிப்பது எல்லாம் அவருக்கு முதல் வரிசைப் பாடங்கள். பூச்சிக்கொல்லி குடித்தவரும் அப்படியே: சுருங்கிய கண்மணி, வழியும் எச்சில், வியர்வை, பூண்டு கலந்த நெடி ஆகியவற்றை வாசலிலேயே அடையாளம் காண வேண்டும். பாம்புக்கடியில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே நஞ்சுமுறி மருந்து. அதற்கான நஞ்சின் பெரும்பகுதி, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. உதவியாளர் செய்ய வேண்டியது, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, யாராவது கயிறு கட்டியிருந்தால் அதையும் கடித்த நேரத்தையும் குறித்துக்கொண்டு, அந்த மருந்து இருப்பில் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போவது. அருகிலுள்ளது எது என்பதைவிட மருந்துள்ளது எது என்ற கேள்வி இங்கே முந்துகிறது.

இந்தியாவில் இந்தத் தொழிலுக்குச் சட்ட வடிவம் நெடுநாள் இல்லை. சேவை நடத்திய நிறுவனம் கொடுத்த பயிற்சியே சான்று. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், தான் அங்கீகரிக்கும் தொழில்களின் அட்டவணையில் அவசரகால மருத்துவத் தொழில்நுட்பரையும் சேர்த்தது.